பக்கத்துக் கட்டிலுக்கு ஸ்கோர்

வில்லியனூரில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜா மைதீனுக்கு அறுபது வயது முடியும்போது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. கடையை மகன் ஷாரிக் எடுத்துக்கொண்டான். இவருக்கு செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை டயாலிசிஸ். ஆறு கட்டில் உள்ள ஹால். இவருடையது மூன்றாவது. நாலாவதில் பாக்யராஜ்.

பாக்யராஜ் திருவாண்டார்கோயில்காரர். அங்கே ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலையில் இருந்தவர். சிறுநீரகம் கெட்டதும் வேலை போயிற்று. மெலிந்த உடம்பு, அதைவிட மெலிந்த குரல். ஊசி குத்திய கையை நாலு மணி நேரம் அசைக்கக் கூடாது என்பதால், இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து சின்ன ரேடியோவை எடுத்துத் தலைமாட்டு மேசையில் வைப்பார். மேட்ச் உள்ள நாள் என்றால் தமிழ் வர்ணனை ஹால் முழுக்கக் கேட்கும். பந்து எங்கே போயிற்று, யார் துரத்துகிறார், எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று வர்ணனையாளர் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வருவார். எதிர்க் கட்டில் சின்னபொண்ணுக்கு கிரிக்கெட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. இருந்தாலும், "அவுட்டா? நம்மாளா அவனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்கு விளக்கம் சொல்வதிலேயே இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

பாக்யராஜுக்கு அடிக்கடி பிரஷர் இறங்கும். முகம் வெளுத்து, வியர்த்து, "பாய்" என்று மட்டும் சொல்வார். ஹாஜா மைதீன் கடைத்தெருவில் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டையில், "கலை! நாலாம் நெம்பர்!" என்று ஒரு சத்தம் போடுவார். டெக்னீஷியன் கலைச்செல்வன் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவருவான். இரண்டு வருஷம் இப்படித்தான் போயிற்று.

ஒரு சனிக்கிழமை பாக்யராஜ் ரேடியோவைத் திருகித் திருகிப் பார்த்தார். பாட்டுதான் வந்தது. அடுத்து விளம்பரம். பிறகு ஒரு பெண் குரல், இந்தத் தொடரிலிருந்து வர்ணனை இணையத்தில் மட்டும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் போயிற்று.

"இன்னா பாய் இது, பொசுக்குன்னு நிறுத்திட்டானுங்க?"

"வுடு பாக்யா. என் பையன் கிட்ட சொல்றேன். போன்ல வரும்."

ஷாரிக் பெரிய திரையுள்ள போன் வாங்கி, ஆப் போட்டு, சந்தா கட்டிக் கொடுத்தான். ஹாஜா மைதீன் அதை நெஞ்சின்மேல் நிறுத்திச் சத்தமாக வைத்தார். ஆனால் அந்த மாதத்தில் அந்த ஹாலில் பாக்யராஜைத் தவிர எல்லோர் கையிலும் பெரிய போன் வந்திருந்தது. ஒரு கட்டிலில் சீரியல், ஒரு கட்டிலில் நியூஸ், ஒரு கட்டிலில் இஸ்லாமிய மார்க்கப் பேச்சு. மிஷின் கத்தினால்கூடக் காதில் விழவில்லை என்று கலைச்செல்வன் புலம்பினான். இயர்போன் இல்லாமல் யாரும் போன் பார்க்கக் கூடாது என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

ஹாஜா மைதீன் தன் வயரில்லாத இயர்போனில் ஒன்றைக் கழற்றிப் பாக்யராஜிடம் நீட்டச் சொல்லி நர்ஸிடம் கொடுத்தார். பாக்யராஜ் அரை மணி நேரம் கேட்டார். பிறகு கழற்றிவிட்டார்.

"இன்னா, வேலை செய்யலயா?"

"செய்யிது பாய். ஆனா ஒண்ணும் புரியல. ஆஹா, இன்னா ஒரு ஷாட்டு, அந்தப் பக்கம் பாருங்கன்றான். எந்தப் பக்கம்? படம் பாக்கறவனுக்குத்தான் அவன் பேசறான். எனக்கு இல்ல. நீ பாத்துச் சொல்லு, போதும்."

பாக்யராஜிடம் இருந்தது பட்டன் போன். இருந்த இடத்திலிருந்து ஹாஜா மைதீனின் திரை அவருக்குத் தெரியாது. கட்டிலை நகர்த்தவும் முடியாது.

"ஓவருக்கு ஒரு தபா சொல்றேன்" என்றார் ஹாஜா மைதீன்.

சொல்லவும் செய்தார். முதல் வாரம் ஒவ்வொரு ஓவருக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இயர்போனைக் கழற்றி, சொல்லி, திரும்ப மாட்டுவதற்குள் இரண்டு பந்து போய்விடும். அப்புறம் அஞ்சு ஓவருக்கு ஒரு தடவை ஆயிற்று. அப்புறம் விக்கெட் விழுந்தால் மட்டும். பாக்யராஜ் சில நேரம் கையைத் தூக்கி, விரலை ஆட்டி ஸ்கோர் கேட்பார். ஹாஜா மைதீன் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொல்வார். அதுவும் மறந்துபோன நாட்கள் உண்டு. பாக்யராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

அந்த வியாழக்கிழமை ஒருநாள் மேட்ச். ஏசி அதிகமாக இருந்ததால் பாக்யராஜ் கழுத்து வரை போர்த்திக்கொண்டிருந்தார். ஊசி குத்திய கையும் போர்வைக்குள். மூன்று மணிக்கு மேல் நம் ஆட்கள் வரிசையாகச் சிக்ஸர் அடிக்க ஆரம்பித்தார்கள். ஹாஜா மைதீனுக்கு ஹால் மறந்துபோயிற்று. கலைச்செல்வன் பக்கத்து அறையில் மூச்சுத் திணறிய ஒரு கிழவரோடு இருந்தான்.

ஒருவன் சதம் அடித்தான். அதைச் சொல்லலாம் என்று இயர்போனைக் கழற்றிக்கொண்டு, "பாக்யா! அடிச்சிட்டான்டா நூறு!" என்று திரும்பினார்.

பாக்யராஜின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணும் திறந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே டைல்ஸில் ரத்தம் குளமாக நின்றது.

"கலை!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆறு கட்டிலும் நிமிர்ந்தது. கலைச்செல்வன் ஓடிவந்து போர்வையை இழுத்தான். ரத்தத்தை உடம்புக்குத் திருப்பும் ஊசி நழுவி வெளியே கிடந்தது. மிஷின் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி நழுவினாலும் சில நேரம் மிஷினுக்குத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். டாக்டர் வந்து நெஞ்சை அமுக்கினார். ஹாஜா மைதீன் தன் ஊசியோடு எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்க வைத்தாள். படுத்தபடியே அவர் எல்லாவற்றையும் பார்த்தார். மூன்றே முக்காலுக்கு பாக்யராஜின் முகத்தை மூடினார்கள்.

எதிர்க் கட்டிலில் சின்னபொண்ணு அழுதுகொண்டிருந்தாள்.

"கைய தூக்கனாரு பாய். உன்னப் பாத்து வாய அசைச்சாரு. ரெண்டு தபா. நான் பாத்துகினேதான் இருந்தேன். ஸ்கோரு கேக்கறாருன்னு நெனச்சேன்."

அவள் கழுத்திலும் இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஷாரிக்கின் வண்டியில் திருவாண்டார்கோயில் போனார். பந்தலுக்குக் கீழே பாக்யராஜின் மனைவி ஜெயசித்ரா உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வாங்கண்ணே. வூட்டுக்கு வந்தா உங்களப் பத்திதான் பேசும். பாய் இருக்காரு, அவரு பாத்துக்குவாரு, நீ வேலைக்குப் போன்னு சொல்லும். அந்தத் தைரியத்துலதான் தனியா அனுப்பிட்டுக் கெடந்தேன்."

ஹாஜா மைதீனால் நிமிர முடியவில்லை.

"பக்கத்துலயே இருந்தீங்களே. கடைசியா எதனா சொல்லிச்சா அண்ணே?"

ஒன்றும் சொல்லவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லலாம் என்று வண்டியில் வரும்போதே யோசித்து வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"கூப்பிட்டாரும்மா. என்னத்தான் கூப்பிட்டாரு. எனக்குக் கேக்கல."

"ஏண்ணே? காது கேக்காதா உங்களுக்கு?"

"கேக்கும். மேட்ச் பாத்துகினு இருந்தேன். காதுல மாட்டியிருந்தேன்."

ஜெயசித்ரா அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். உடலை எடுக்கும் வரை இவர் வாசலில் இருந்தார். அவள் இவர் பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை அவர் டயாலிசிஸுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கியது. மனைவி ஜொஹரா பீவி எதிரில் வந்து நின்றாள்.

"இன்னா நெனச்சுகினு இருக்கீங்க? போய்ச் சேரலாம்னா? அந்தப் பொண்ணு பந்தல்ல உக்காந்த மாதிரி நானும் உக்காரணுமா?"

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். ஷாரிக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினான்.

கலைச்செல்வனை வேலையை விட்டு நிறுத்திவிட்டிருந்தார்கள். புதிதாக ஒரு பெண் ஊசி குத்தினாள். நாலாவது கட்டிலில் கிருமாம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு நடுவயசுக்காரர் காதில் மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடி படுத்திருந்தார். சின்னபொண்ணு இவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். மேட்ச் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

போனை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நாலு மணி நேரமும் ஒருக்களித்துப் படுத்து, பெயர் தெரியாத அந்த மனிதரின் ஊசி குத்திய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அந்த ஆள் இவரைக் கவனித்து, "இன்னா பெரியவரே, இன்னா பாக்கறீங்க?" என்று எரிச்சலாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றார் ஹாஜா மைதீன். அந்த ஆள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கை மறைந்துபோயிற்று.