பம்பர் கறுத்த கதை

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகப் போனேன். மூன்றாம் நாள், பழக்கிய பெண்ணின் காரை மன்னார் நகரத்தில் ஒரு மதிலோடு மெதுவாக, மிகவும் மரியாதையாக, உரசினேன். பின் பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் நீளமாக ஒரு சுண்ணாம்புக் கோடு விழுந்தது. அவள் ஏசவில்லை. டிக்கியைத் திறந்து ஒரு வாளி, பழைய பல் பிரஷ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓர் அழிறப்பர் எல்லாம் எடுத்துத் தந்தாள்.

"நீங்களே உரஞ்சுங்கோ. நான் ஒரு கதை சொல்லுறன்."

கோடு போவதற்கும் கதை முடிவதற்கும் சரியாக இருந்தது. (முடிந்தது என்று அப்போது நினைத்தேன். அதைப் பற்றிப் பிறகு.) எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ. பொய் எழுதினால் லைசென்ஸ் எடுத்துத் தரமாட்டன்" என்றாள். எழுதுகிறவர்களை இப்படி மிரட்டி நான் கண்டதில்லை.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "கடலின் மேல் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி—"

(இல்லை. கதையில் கடலுக்கு வேலையே இல்லை, உப்பைத் தருவதைத் தவிர.)

இரண்டாவது: "பிளாஸ்டிக்கும் மனித மனதைப் போலத்தான், வெயிலில்—"

(வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன். அடித்ததும் தெரியட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.)

மூன்றாவது, அவள் சொன்னபடியே:

டிலோஜினிக்கு வயது இருபத்தொன்பது. ஓலைத்தொடுவாயில் கடற்தொழில் செய்யும் தோமஸின் மகள். பதினொரு வருடம் ஓடிய ஒரு சின்ன நீலக் காரில் மற்றவர்களுக்கு ஓட்டப் பழக்குகிறாள். வருகிற தை மாதம் உயிலங்குளத்து அனோஜனைக் கலியாணம் செய்யப்போகிறாள். அவள் கத்தோலிக்க வேதக்காரி, அவன் சைவம். அவனுடைய தாய் அன்னப்பிள்ளை சம்மதித்துவிட்டார். தகப்பன் கனகரத்தினம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அந்தப் பிள்ளை இஞ்ச வந்தால் நான் வயலுக்குப் போயிடுவன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

போகட்டும், போகும்போதாவது ஒருதரம் முகத்தைப் பார்க்கலாமே என்று அவள் நினைத்தாள். ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வருவதாக அனோஜனிடம் சொன்னாள். அவன் ஒரு துப்புக் கொடுத்தான்: "அப்பா ஆக்களைப் பாக்கமாட்டார். வாகனத்தைத்தான் பாப்பார்."

ஆகவே அன்று காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கியது. மன்னார்த் தீவில் நிற்கிற காரின் பம்பரும் சில்லுகளுக்கு மேலுள்ள வளைவுகளும் உப்புக்காற்றிலும் வெயிலிலும் சாம்பல் நிறமாகிவிடும். அவளுடையதும் ஆகியிருந்தது. சவர்க்காரத் தண்ணீர் போட்டு, பல் பிரஷ்ஷால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் போயிருந்த அழுக்கையெல்லாம் கிண்டி எடுத்தாள். பழைய மெழுகு வெள்ளையாகப் படிந்திருந்த இடங்களை அழிறப்பரால் தேய்த்தாள். ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காயவிட்டு, கறுப்பை மீட்கிற மருந்தைப் பஞ்சில் எடுத்து மெல்லிசாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்து எடுத்தாள்.

கடலால் வந்த தோமஸ் வலையைத் தோளில் போட்டபடி நின்று பார்த்தார்.

"அந்த மனுசன் பாக்கப்போறது உன்னையோ, காரையோ?"

"காரைத்தான்."

"அப்ப அதுக்கும் ரெண்டு பூ வைச்சுவிடு."

3.

கனகரத்தினத்தைப் பற்றி ஒரு வாக்குமூலம். முதல் வரைவில் அவருக்குப் பெரிய மீசையும் இடிக்குரலும் கொடுத்திருந்தேன். மகனின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் தகப்பனுக்கு வேறு எதைக் கொடுப்பது? டிலோஜினி வாசித்துவிட்டுச் சிரித்தாள். "ஆள் மெல்லிசு. குரலே வெளியில வராது. தேத்தண்ணிக்குள்ள பிஸ்கட் தோய்ச்சுத் தின்னுறவர்." மீசையைச் சிரைத்துவிட்டேன். மீசை போனதும் அவரைக் கெட்டவர் ஆக்குவது கஷ்டமாகிவிட்டது.

அவள் உயிலங்குளம் போனபோது பத்து மணி. சொன்ன சொல் தவறாமல் கனகரத்தினம் மண்வெட்டியோடு வாசல் படலையடிக்கு வந்துவிட்டார். கார் உள்ளே வந்து நின்றது. அவர் ஒதுங்கினார். பிறகு அசையவில்லை. குந்தி இருந்து, பம்பரை ஒரு விரலால் தடவி, அந்த விரலைப் பார்த்தார்.

"உது புதுசாப் போட்டதோ?" கேள்வி பம்பரைப் பார்த்துத்தான்.

"இல்லை, பழசுதான். பதினொரு வருசம்."

"தீவில நிண்ட கார் உப்பிடி இராது. சப்பாத்துப் பொலிஷ் அடிச்சிருக்கிறியள்."

"அடிக்கேல்லை. துடைச்சுப் பாருங்கோ."

தோளில் கிடந்த வெள்ளைத் துவாயின் நுனியால் அழுத்தித் துடைத்தார். துவாய் வெள்ளையாகவே இருந்தது. எழுந்து தகரக் கொட்டிலை நோக்கி நடந்தார். நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தார். வா என்று அர்த்தம்.

கொட்டிலின் ஒரு பக்கம் உழவு இயந்திரம் நின்றது, மறு பக்கம் அவருடைய பிக்கப். அதன் பிளாஸ்டிக் எல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்து, மேலே தூசி அப்பிக் கிடந்தது.

"வெள்ளிக்கு வெள்ளி தேங்காயெண்ணெய் பூசுறனான். பூசின அண்டைக்கு நல்லாத்தான் இருக்கும்."

பின்னால் நின்ற அனோஜன், ஓம் என்று சொல், என்று கண்ணால் கெஞ்சினான். டிலோஜினி ஒரு கணம் யோசித்தாள். பிறகு, "அதுதான் பிழை" என்றாள். "எண்ணெய்க்குத் தூசி ஒட்டும். ஒட்டினதுக்கு மேல நீங்கள் திருப்பித் திருப்பிப் பூசியிருக்கிறியள்."

தேத்தண்ணித் தட்டோடு வந்த அன்னப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார்.*

* இந்த இடத்தில் நான் ஒரு காகம் கரைந்ததாக எழுதியிருந்தேன். கரையவில்லையாம். எடுத்துவிட்டேன்.

கனகரத்தினம் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். "அப்ப என்ன செய்யவேணும்?"

4.

இரண்டு மணித்தியாலம் இரண்டு பேரும் குந்தி இருந்து உரஞ்சினார்கள். வருடக்கணக்கான எண்ணெய் சவர்க்கார நுரையோடு கறுப்பாக வடிந்தது. அவளுக்கு ஒரு சங்கடம்: அவரை எப்படிக் கூப்பிடுவது? அங்கிள் என்றால் பட்டினத்துக் கதை. ஐயா என்றால் அரசாங்கக் கந்தோரில் கூப்பிடுவது போல. ஆகவே யாரையும் விளிக்காத வசனங்களாகவே பேசிக்கொண்டிருந்தாள். அழிறப்பர் பள்ளிக்கூடச் சாமான்தானே என்று அவர் அதை அழுத்தாமல் தேய்த்தபோது அவளுக்கு வாய் தவறிவிட்டது.

"அமத்தித் தேயுங்கோ மாமா."

அவர் அமத்தித் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"என்ர பிள்ளையின்ர பேரை மாத்துவியளோ?"

"ஏன் மாத்தவேணும்?"

"உங்கட கோயில்ல வைச்சு வேற பேர் வைப்பினம் எண்டு சனம் சொல்லுது. அது என்ர அப்பரோட இருந்து யோசிச்சு வைச்ச பேர்."

"பாதரிட்டக் கேட்டுப்போட்டம். ஆரும் மாறத் தேவையில்லை. அனோஜனா உள்ளுக்க வருவார், அனோஜனா வெளியில போவார்."

"உங்களுக்கு?"

"எனக்கும் டிலோஜினிதான்."

கனகரத்தினம் யோசித்தார். "அது கூப்பிடக் கொஞ்சம் நீளம்" என்றார்.

(முதல் வரைவில் இந்த உரையாடல் மூன்று பக்கம். மதம், காலம், மானுடம் எல்லாம் வந்தன. நடந்தது இவ்வளவுதான்.)

5.

பிக்கப்புக்கு மருந்து பூசி முடியும்போது மத்தியானம் ஒரு மணி. ஒரு நாளைக்கு நனையக்கூடாது என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் இருண்டது. முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. பிக்கப் கொட்டிலுக்குள் பத்திரமாக நின்றது. நீலக் கார் முற்றத்தில் நின்றது.

"உங்கடைக்கு எப்ப பூசினனீங்கள்?"

"காலமைதான். பரவாயில்லை."

கனகரத்தினம் ஆணியில் தொங்கிய திறப்பை எடுத்தார். பிக்கப்பில் ஏறி, பின்னால் எடுத்து, மழைக்குள் இறக்கினார். டிலோஜினி கொட்டில் வாசலுக்கு ஓடிவந்தாள். வயலுக்குப் போகிறார். இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தும் கடைசியில் வயலுக்கே போகிறார்.

பிக்கப் கிணற்றடியில் நின்றது. அவர் இறங்கி, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கத்தினார். வராத குரல் அன்று வந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள் பிள்ளை? காரை உள்ளுக்க விடுங்கோ!"

"உங்கடை நனையுது மாமா! பூசினதெல்லாம் வீணாப் போகுது!"

"நாளைக்கு ஞாயிறு. பூசை முடிஞ்சு வாங்கோ, திருப்பிப் பூசுவம்."

ஊருக்கே கார் பழக்குகிறவள் அன்று இரண்டு தரம் எஞ்சினை நிற்பாட்டிவிட்டாள். மூன்றாம் தரம்தான் கார் கொட்டிலுக்குள் போனது.

6.

எனக்கு இங்கே ஒரு முடிவு வேண்டும். இரண்டு வைத்திருக்கிறேன்.

(அ) தை மாதம். கனகரத்தினம் பட்டு வேட்டியோடு வேதக்கோயிலின் முதல் வாங்குப் பலகையில் இருக்கிறார். எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தோமஸைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்.

(ஆ) உள்ளே வரவில்லை. வெளியே வாகனங்கள் நிற்கும் இடத்தில், பூக்கட்டிய காரின் பம்பரைத் துடைத்தபடி நிற்கிறார். உள்ளே மகனின் பெயர் வாசிக்கப்படுவது அவருக்குக் கேட்கிறது.

எது சரி என்று டிலோஜினியிடம் கேட்டேன்.

"தைக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. நடக்காததை எப்பிடி எழுதுவியள்? அதுவும் பொய்தான்."

"அவர் ஒண்டும் சொல்லேல்லையா?"

"நாலு ஞாயிறு போய்வந்திட்டன். பிக்கப் முடிஞ்சுது. இப்ப பக்கத்து வீட்டுக்காரற்றை வானின்ர பம்பரை உரஞ்சுறம். கலியாணத்தைப் பற்றி அவர் கதைக்கிறேல்லை, நானும் கேக்கிறேல்லை." பிறகு ஏதோ நினைவு வந்தவளாகச் சொன்னாள். போன கிழமை கலியாண அட்டையின் மாதிரியை அனோஜன் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனானாம். காலையில் பார்த்தால் கனகரத்தினத்தின் பெயருக்கு முன்னால் இருந்த 'க' என்ற எழுத்து பென்சிலால் வெட்டப்பட்டு, அதற்கு மேலே 'வே' என்று திருத்தி எழுதப்பட்டிருந்ததாம். அவருடைய தகப்பனின் பெயர் வேலுப்பிள்ளை; 'க' மகனுடைய முதலெழுத்து. வேறு எதுவும் எழுதவில்லை.

இதை ஓம் என்று எடுப்பதா, எழுத்துப்பிழை பொறுக்காத ஒரு மனிதரின் பழக்கம் என்று எடுப்பதா? எனக்கு லைசென்ஸ் வேண்டும், நான் வாய் திறக்கமாட்டேன். அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.