தையில் முதிரும் பணம்

என் வீட்டுக்காரர் பொங்கியண்ணனுக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், மருதாத்தாள். அவளுக்கும் ஒரே மகள். அந்த மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம் என்று ஆடியிலேயே உறுதியாகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பிலாய் இரும்பாலையில் வேலை. அப்போதுதான் லீவாம்.

எங்கள் சனத்தில் கூடப்பிறந்தவன் தன் தங்கைக்கு எழுதிங்கள் சீர் செய்து வைக்க வேண்டும். அது ஆனவள்தான் கல்யாணச் சடங்கில் கை வைக்கலாம். ஆகாதவள், பெற்ற மகள் கல்யாணமே ஆனாலும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். பந்தல், பந்தி, சேலை என்று செலவு பிடிக்கிற காரியம். 'அடுத்த வருசம், அடுத்த வருசம்' என்று இவர் தள்ளிக்கொண்டே வந்தார்.

ஆவணி முதல் தேதியே மருதாத்தாள் வேலந்தாவளத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"ஆவணீல வெச்சுட்டீங்கன்னா எம்புள்ளைக்கு நானே தாரை வாத்துருவனுங்கண்ணா. பெருசா வேண்டாமுங்க. பத்துப் பேரக் கூப்புட்டாப் போதும்."

"பணம் சித்தூர் பேங்குல டெபாசிட்டுல கெடக்குதம்மிணி. தையிலதான் முதிரும். நடுவால எடுத்தா பாதியப் புடிச்சுக்குவானுக" என்றார் இவர்.

"பாதியா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, அப்புடீன்னா வேண்டாமுங்க."

அவள் போனதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, எஞ்சங்கிலிய வெச்சாச்சும் செய்யுங்க."

"பொண்டாட்டி நகைய அடகு வெச்சுச் சீர் செஞ்சான்னு நாலு பேரு பேசறதுக்கா? வாய மூடிட்டு வேலையப் பாரு."

இவரிடம் பேசுவதற்கு மாட்டுக் கட்டுத்தறியிடம் பேசலாம். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

கல்யாணத்தில் மருதாத்தாளின் ஓரகத்திதான் தாரை வார்த்தாள். அவளுக்கு அவள் கூடப்பிறந்தவர்கள் எப்போதோ சீர் செய்துவிட்டார்கள். பெற்றவள் பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு, எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணவறையில் இருந்த பெண் திரும்பித் திரும்பித் தாயைத் தேடினாள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "பொண்ணப் பெத்தவங்க இங்க நிக்கறீங்களே?" என்று கேட்டே விட்டாள்.

"எங்கண்ணனுக்குப் பேங்குல பாதிப்பணம் போயிருமுங்க. நாந்தான் வேண்டாம்னுட்டனுங்க" என்று சிரித்தாள் மருதாத்தாள்.

எனக்கு மானமே போயிற்று. இந்த மனுசனோ மொய் எழுதுகிற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "மாமன் மொய் இருநூத்தி அம்பத்தி ஒண்ணு! நல்லாச் சத்தமாப் படியப்பா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தை பிறந்தது. டெபாசிட் இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் கையெழுத்துப் போட என்னையும் பாலக்காட்டுப் பக்கம் சித்தூருக்குக் கூட்டிப்போனார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர் லட்சுமிநாராயணன் கௌண்டரில் இருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"ஆடி கடைசியிலே வந்து விசாரிச்சுட்டுப் போனேளே! பொறுத்துண்டது நன்னாப் போச்சு. அப்பவே எடுத்திருந்தா இருநூத்திப் பத்து ரூபா குறைஞ்சிருக்கும்."

"பாதி போயிருமுன்னாங்களே சாமி?" என்றேன்.

"பாதியா? யார் சொன்னா? முதல்லே காலணா தொட மாட்டோமாக்கும். வட்டியிலே கொஞ்சம் குறைப்போம், அவ்வளவுதான். இவர்கிட்டே அன்னிக்கே கணக்குப் போட்டுக் காட்டினேனே."

இவர் நோட்டை எண்ணிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. மொய்க்கு இருநூற்று ஐம்பத்தொன்று சத்தமாகக் கொடுத்த கை, தங்கைக்காக இருநூற்றுப் பத்தை விடவில்லை. த்தூ! பேங்கு என்றுகூடப் பார்க்காமல் கத்தியிருப்பேன். ஆனால் வெட்கம் விடவில்லை. இப்படி ஒருத்தரோடு இத்தனை வருசம் ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறேனே என்று கூசியது.

பஸ் ஸ்டாண்டில் இவராகவே, "செரி, உடு. இப்பவே போயி சீருக்கு நாள் குறிச்சுட்டு வந்தர்லாம்" என்றார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

மருதாத்தாள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். இவர் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "அம்மிணி, இந்தத் தையிலயே சீர வெச்சுக்கலாம். ஊரையே கூப்புட்டு, மேளதாளத்தோட செய்யறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேண்டாமுங்கண்ணா. இனி நான் யாரு கல்யாணத்துல தாரை வாக்கப் போறனுங்க?"

அதில் கோபமே இல்லை. உள்ளே போய் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து தந்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, கவலையோடு கேட்டாள்.

"ஏனுங்க நங்கை, பேங்குக்காரங்க பணத்த முழுசாத் தந்துட்டாங்களா? ஒண்ணும் புடிச்சுக்கலீங்களே?"

இவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உடைத்தால் அவளிடம் மிச்சமிருக்கிற அண்ணனும் போய்விடுவான்.

"முழுசா வந்துருச்சு அம்மிணி" என்றேன்.

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லவேளைங்க. நான் அன்னிக்கே வேண்டாம்னு சொன்னது எத்தன நல்லதாப் போச்சு பாருங்க!" என்றாள்.