மூன்று பேருக்குப் புளியோதரை

ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து, ஷேர் ஆட்டோவில் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு, பத்மாசினி ஆனையூர் வீட்டுக்கு வந்து சேர மணி ஆறே முக்கால் ஆகிவிடும். செருப்பைக் கழற்றும்போதே அந்தக் கேள்வி வரும். "நைட்டுக்கு என்ன?" சில நாள் கணவன் ராமதாஸ் கேட்பான், சில நாள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்வப்னா கேட்பாள். தோசை என்றால் தினமும் தோசையா என்பார்கள். சப்பாத்தி என்றால் குருமா உண்டா என்பார்கள். பதினேழு வருஷமாக அந்தக் கேள்வி அவளுக்காகவே வாசலில் காத்திருந்தது.

இப்போது அதற்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு இயந்திரம் வரப்போகிறது. அதைக் கையாள ஆறு வாரப் பயிற்சி. திங்கள், புதன், வெள்ளி இரவு ஏழரையிலிருந்து எட்டே முக்கால் வரை ஆன்லைன் வகுப்பு. தேறியவர்களில் ஒருவருக்கு மேற்பார்வையாளர் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாக ஊசி குத்தி, தன்னைவிட வயதில் சின்னவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் பத்மாசினிக்கு அந்தப் பொறுப்பு வேண்டியிருந்தது. பதினெட்டு வகுப்பில் மூன்றுக்கு மேல் தவறினால் தேர்வு எழுத முடியாது. நடுவில் ஐந்து நிமிடம் காணாமல் போனாலும் வரவில்லை என்றே கணக்கு.

அவள் ஏற்கெனவே மூன்றைத் தவறவிட்டிருந்தாள். ஒன்று, மாவு பொங்கி வழிந்த அன்று. இன்னொன்று, ராமதாஸ் சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளியோடு வந்த அன்று. மூன்றாவது அன்று என்ன நடந்தது என்று நினைத்தாலே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஸ்வப்னாவுக்குப் பூரி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். திங்கள் சேமியா, புதன் ரவா கிச்சடி, வெள்ளி தக்காளி சாதம். எதற்கும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. வகுப்பு இருக்கும் நாட்களில் ராமதாஸ் செய்ய வேண்டும்.

"நான் செய்ய மாட்டேன்னு என்னிக்குச் சொன்னேன்?" என்றான் ராமதாஸ். கூரியர் ஆபீஸில் வேலை, ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறவன். "எனக்குச் சமையல் தெரியாதா?"

தெரியும். அதுதான் சிக்கல். காமராஜர் சாலைப் பக்கம் அவர்களுடைய பழைய தெருவில் இருக்கும் பஜனை மடத்தில், புரட்டாசி சனிக்கிழமை அன்னதானத்துக்குப் புளியோதரை கிளறுவது பதினெட்டு வருஷமாக ராமதாஸ்தான். இருநூற்றைம்பது பேருக்கு. கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் அண்டா முன்னால் நிற்கிற படம் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. சாப்பிட்டவர்கள் இன்றுவரை கடைவீதியில் பார்த்தால் அந்த ருசியைச் சொல்லாமல் போவதில்லை. அப்படிப்பட்டவனிடம் போய்ச் சேமியா உப்புமா கிண்டு என்றால்?

திங்கட்கிழமை சேமியாவை அவன் கிண்டவில்லை. கடையில் பரோட்டா வாங்கி வந்தான். அன்றைய வகுப்பை முழுதாகப் பார்க்க முடிந்ததால் பத்மாசினியும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. புதன்கிழமை அவள் உள்ளே நுழையும்போது வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதன் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய அண்டா.

"மாப்ள, தங்கச்சி வந்துருச்சு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பீமாராவ். மடத்துச் சமையலில் ராமதாஸுக்கு வலது கை.

வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் பத்மாசினிக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். இப்போது தமிழ் வந்தது.

"என்னண்ணே இது, அண்டாவும் கையுமா?"

"மாப்ள போன் போட்டான். இன்னிக்கு அவந்தான் சமையலாம். கிச்சடி போடச் சொன்னியாமே தங்கச்சி? புளியோதரை கை அது. அதுல போய் ரவையக் கிண்டச் சொல்றதா?"

"மூணு பேருக்குக் கிச்சடி, அண்ணே. இருபது நிமிஷம்."

"மூணு பேருக்குத்தான் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றான் ராமதாஸ். அவன் அடுப்படியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இருபத்தஞ்சு கிலோ அரிசிக்கு ரெண்டரைக் கிலோ புளி. அப்ப மூணு பேருக்கு முப்பது கிராம் வருது. முப்பது கிராமை எதுல நிறுக்குறது?"

"எலுமிச்சம்பழ அளவு எடுங்க."

"எந்த எலுமிச்சம்பழம்? பெருசா, சிறுசா?"

"உங்களுக்கு எது கிடைக்குதோ அது."

"அப்புடியெல்லாம் குத்துமதிப்பா எனக்கு வராது பத்மா. கை ஒரு அளவுக்குப் பழகிருச்சு. மூணு கிலோவுக்குக் கீழ இறங்குனா ருசி கெட்டுப்போயிரும்."

"மூணு கிலோவா? முப்பது பேர் சாப்பிடலாம்!"

"மிச்சத்தைக் காலையில சாப்பிடுவோம்" என்றான் அவன், பெரிய மனது பண்ணி.

மணி ஏழு இருபது. இதற்கு மேல் பேசினால் வகுப்பு போய்விடும். பத்மாசினி இரண்டு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். சென்னையிலிருந்து பயிற்சி கொடுப்பவர் வந்துவிட்டார். ஏழரைக்கு ஆரம்பித்தார். ஏழு முப்பத்தாறுக்குக் கதவு தட்டப்பட்டது.

"அம்மா, பெருங்காயம் எங்கன்னு அப்பா கேக்குறாரு" என்றாள் ஸ்வப்னா.

"அஞ்சறைப் பெட்டிக்கு மேல."

"அஞ்சறைப் பெட்டி எங்கன்னு கேப்பாரே."

"நீ காட்டு!"

ஏழு நாற்பத்தொன்றுக்கு நல்லெண்ணெய். ஏழு நாற்பத்தெட்டுக்கு வறுக்கிற சட்டி, பெரிய சட்டி, இதைவிடப் பெரிய சட்டி. ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் மைக்கை அணைத்துப் பதில் சொல்லிவிட்டுத் திரும்புவாள். திரையில் படம் மாறியிருக்கும். எந்தக் குழாயில் எந்த மருந்து போகிறது என்று எழுதிக்கொண்டிருந்த நோட்டில் பாதியில் நின்ற வரிகள் சேர்ந்துகொண்டே போயின.

நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. மடத்தில் அவன் கையை நீட்டியதும் பெருங்காயத்தை யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். புளியை யாரோ முதல் நாளே ஊற வைத்துக் கரைத்திருக்கிறார்கள். மிளகாய்க்குக் காம்பு கிள்ள நாலு பெண்கள், அண்டா கழுவ நாலு பெண்கள். அதில் எட்டு வருஷம் அவளும் உட்கார்ந்து காம்பு கிள்ளியிருக்கிறாள். சுவரில் மாட்டிய படத்தில் கரண்டியும் அவனும் மட்டும்தான்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு மிளகாய் வறுக்கும் நெடி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. முப்பது பேருக்கான மிளகாய். அவள் தும்மினாள், இருமினாள், கண்ணில் நீர் வழிந்தது. மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

"மேடம், உடம்பு சரியில்லையா?" என்றார் பயிற்சியாளர்.

அவள் பதில் சொல்லுமுன் கூடத்திலிருந்து பீமாராவின் குரல் வகுப்பு முழுவதற்கும் கேட்டது. "மாப்ள, சோத்தை ஆறப்போட இந்தப் பெட்ஷீட் போதுமா? இன்னொண்ணு எடுக்கவா?"

திரையில் இருபத்திரண்டு பேர் சிரித்தார்கள். பத்மாசினி சிரிக்கவில்லை. நேற்றுத்தான் துவைத்து மடித்து வைத்த பெட்ஷீட் அது.

எட்டு ஐந்துக்கு வீடு இருண்டது. கேஸ் அடுப்பின் இரண்டு பர்னரும் போதாமல், ராமதாஸ் மூன்றாவதாக இண்டக்ஷன் அடுப்பைப் போட்டிருந்தான். அதோடு மிக்சியையும் ஓட்டியிருந்தான். ரெண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று வீட்டுக்காரர் குடிவந்த அன்றே சொல்லியிருந்தார். ஃப்யூஸ் போய், வைஃபையும் போய், பயிற்சியாளர் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றார்.

ஐந்து நிமிடம். பத்மாசினி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூடத்தில் போன் வெளிச்சத்தில் மூன்று கிலோ சோறு பெட்ஷீட் மேல் மலையாகக் கிடந்து ஆவி விட்டது. ஃபேன் இல்லாததால் பீமாராவ் அதற்குப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, பார்த்து, சோத்தை மிதிச்சிராத."

"பத்மா, ஃப்யூஸ் கம்பி எங்க வச்சிருக்க?" என்றான் ராமதாஸ்.

அவள் சோற்றைச் சுற்றி வாசலுக்கு நடந்தாள். மொட்டைமாடிப் படிக்கட்டில் ஏறி, நடுப்படியில் உட்கார்ந்து, தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே கூடத்தில் ரெண்டு ஆண்கள் ஃப்யூஸ் கம்பிக்கு ஒவ்வொரு டிராயராக இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது. நாலாவது நிமிடம் பயிற்சியாளர் அசைந்தார்.

எட்டே முக்கால் வரை அவள் அந்தப் படியிலேயே இருந்தாள். விளக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. கொசு கடித்தது. வகுப்பு முடிவில் வருகைப் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் லேப்டாப்பை மூடினாள்.

அப்போதும் சாப்பாடு ஆகவில்லை. சோறு ஆற வேண்டும், புளிக்காய்ச்சல் இறங்க வேண்டும், கலக்கியபின் ஊற வேண்டும். ஒன்பதரைக்குச் சாப்பிட்டார்கள். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு ராமதாஸ் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கப் போனான். மறுநாள் காலை அவள் வேலைக்கு இறங்கும்போது கீழ்வீட்டு அழகுமலை வாசல் கேட் அருகே நின்றார்.

"ராத்திரி புளியோதரை அம்புட்டு ருசி. இப்படிப் பொங்கிப் போடுற மனுசன் யாருக்குக் கிடைப்பான்? நீங்க கொடுத்து வச்சவங்க."

"ஆமாண்ணே" என்றாள் பத்மாசினி. அவள் கையில் புளிக்கறை பிடித்த பெட்ஷீட் இருந்தது. லாண்டரியில் போடக் கொண்டு போனாள்.

அன்று இரவும் புளியோதரைதான். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ராமதாஸ், "வெள்ளிக்கிழமை சாம்பார் சாதம். பீமாராவ் காய் நறுக்க வாரேன்னுட்டான்" என்றான்.

ஸ்வப்னா தட்டிலிருந்து நிமிரவில்லை. "அப்பா, இன்னொரு தடவை அண்டா வந்துச்சுன்னா நான் ஹாஸ்டலுக்குப் போறேன்."

"நாளைக்கு நான் வர ஒம்பதரை ஆகும்" என்றாள் பத்மாசினி. "கிளாஸை லேப்லயே உட்கார்ந்து பார்த்துட்டு வாரேன். இனிமே வகுப்பு இருக்குற அன்னிக்கெல்லாம் அப்படித்தான்."

"அப்ப சாமான் எங்க இருக்குன்னு யாரைக் கேக்குறது?"

"வீடு நாலு ரூம்தான். நடந்து பாருங்க."

"கோபமா இருக்கியா?"

"எனக்கு இன்னும் ஒரு கிளாஸ்கூடத் தவறக் கூடாதுங்க. தவறுச்சுன்னா பரீட்சை இல்ல. நீங்க நூறு பேருக்குப் பொங்குங்க, ஐநூறு பேருக்குப் பொங்குங்க. நான் அங்க இருக்க மாட்டேன்."

அன்று படுக்கப் போகுமுன் ராமதாஸ் பீமாராவுக்குப் போன் செய்து நாளைக்கு வர வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னது அவள் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் லேபின் உள்ளறையில் ஒரு மேசையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தாள். வகுப்புக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பசித்தது. ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு இறங்கிப் போய் இரண்டு இட்லியும் ஒரு ரவா தோசையும் சொன்னாள். யாருக்கும் பாடம் புகட்ட வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. தட்டு வந்தது, சாப்பிட்டாள். சாம்பார் நீர்த்திருந்தது. யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பு நடக்கும்போது போன் ஒன்பது முறை அதிர்ந்தது. ஒன்பதும் ராமதாஸ். அவள் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். நோட்டில் அன்றைக்கு ஒரு வரியும் பாதியில் நிற்கவில்லை. கடைசியில் பயிற்சியாளர் சந்தேகம் கேட்கச் சொன்னபோது மூன்று கேள்வி கேட்டாள். பச்சைப் புள்ளி விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பது நாற்பது. கூடத்தில் மூன்று தட்டு வைத்து, நடுவில் சின்ன குக்கர். அதற்கு இரண்டு பக்கமும் ராமதாஸும் ஸ்வப்னாவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அப்பா ஒரு டம்ளர் அரிசி வச்சாரும்மா" என்றாள் ஸ்வப்னா. "ஒரே ஒரு டம்ளர். தக்காளியை எண்ணிப் போட்டாரு."

"உப்பு எம்புட்டுன்னு கேக்கத்தான் போன் அடிச்சேன்" என்றான் ராமதாஸ். "நீ எடுக்கல. நானே நாலு தடவை வாயில போட்டுப் பார்த்துப் போட்டேன். உக்காரு, ஆறிப்போகும்."

"நான் சாப்பிட்டேங்க."

"என்னது?"

"கேன்டீன்ல. பசிச்சுது, சாப்பிட்டேன்."

ராமதாஸ் குக்கரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா பத்மா? ஏழு மணியிலருந்து இதே வேலையா நின்னிருக்கேன். அளந்து அளந்து மூணு பேருக்குச் சரியா வச்சேன். மனுசன் எம்புட்டுக் கஷ்டப்பட்டு வைக்கிறேன், நீ பாட்டுக்கு வெளிய சாப்பிட்டு வந்து நிக்கிற. இப்ப இந்த ஒரு ஆள் சோத்தை நான் என்ன பண்றது?"

ஸ்வப்னா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை ரெண்டு பேருக்கு அளங்க" என்று சொல்லிவிட்டு, பத்மாசினி முகம் கழுவப் போனாள்.