பசித்த கரி

இஸ்திரிக்காரருக்கு மனைவி வைத்த பெயர் அரைக்காது. எந்தப் பேச்சையும் பாதி கேட்டதும் எழுந்து போய்விடுவார். பாதி கேட்டதை முழுசாய்ச் செய்துவைப்பதில் அவருக்கு நிகர் அவரே.

அவளுடைய உயிர் கடைக்குப் பின்னால் இருந்த கத்தரிப் பாத்தியில்தான் இருந்தது. வேரில் முடிச்சு முடிச்சாய்ப் புழு விழுந்து இரண்டு முறை செடிகள் சுருண்டுபோயின. கடையில் விற்கும் பூச்சிமருந்து என்றால் அவளுக்கு மூச்சு இழுக்கும். வேப்பங்கொட்டைச் சாறோ, நாலு தண்ணீர் பாய்ச்சுவதற்குள் மண்ணைவிட்டே இறங்கிப் போய்விடும்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா சிமெண்டு பூசி மூடிடலாங்க" என்றாள் சிரித்தபடி. சிரிப்பு கண்ணுக்கு எட்டவில்லை. "கரித்தூள் கலந்தா சாறு மண்ணுலயே நிக்குமாம். அதுக்கு முன்னாடி..."

அவர் எழுந்துவிட்டார். கரியைப் பற்றி அவருக்கே பாடமா? அவள் அக்கா வீட்டுக்குப் போன அன்றே, இஸ்திரிப் பெட்டிக்கு ஆகாத கரியையெல்லாம் இடித்துச் சலித்துப் பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டார். திரும்பி வந்தவள் கறுத்த மண்ணைப் பார்த்து, "ஊற வெச்சதுதானே?" என்றாள். "எல்லாம் ஆச்சு, ஆச்சு" என்றார், சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே.

நாற்று நட்டாள், சாறு ஊற்றினாள். மாதம் திரும்புவதற்குள் செடிகள் தலை தொங்கின. ஒன்றைப் பிடுங்கினாள், வேரெல்லாம் முடிச்சு. மண்ணை முகர்ந்தாள், வேம்பின் வாடையே இல்லை.

"ஏங்க, சாறுல ஊற வெச்சுத்தானே கரியைப் போட்டீங்க?"

"ஊற வைக்கணுமா?"

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். விழவில்லை.

"பட்டினி கிடந்த கரிங்க அது. ஊத்தினதையெல்லாம் குடிச்சிட்டு வாயை மூடிக்கும். முதல்லயே வயிறு முட்டக் குடுத்துட்டா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மண்ணுக்கு விடும்."

"உங்க அக்கா வீட்டுக்காரர் மாதிரியா?"

"அவரு குடிச்சா வாயை மூடமாட்டாரே!" சிரித்துவிட்டாள். பிறகு கையிலிருந்த மண்ணை மெல்ல உதறினாள். "போதுங்க. மூடிடலாம்."

அவர் உள்ளே போனார். சிமெண்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தாள். ஒரு வாளி சாறும் ஒரு கூடை கரித்தூளுமாக வந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மூடிடலாம்னு சொன்னேனே, கேக்கலையா?"

"அரைக்காதுதானே? அந்தப் பேச்சு விழுந்த பக்கம் எனக்குக் கேக்காது. நீ கரியைப் பத்தி முதல்லேர்ந்து சொல்லு. முழுசா."

ஒரு பிடி தூளைப் போட்டார். சாற்றில் சுர்ரென்று குமிழிகள் கிளம்பின. "குடிக்குது பாரு!" என்று குழந்தைபோல் குனிந்தார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். வாசலில் யாரோ "இஸ்திரி! இஸ்திரி!" என்று கத்தினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்த பிறகும் அவள் பேச்சை நிறுத்தவில்லை, அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை.