பேஸுக்கு விட்ட இடம்

முத்துக்குமாரு செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1991இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் தங்கை குணேஸ்வரி ஒரு சப்பாத்துப் பெட்டியோடு கிள்ளானில் என் வீட்டுக்கு வந்தாள். பெட்டிக்குள் ஏழு கேசட். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்களாம்.

“எறியவும் மனம் வரேல்லை, கேக்கவும் பயமாக் கிடக்கு. நீங்கள்தானே அவரோட வாசிச்சனீங்கள், பழனி அண்ணே, கேட்டுப் பாருங்கோ,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அண்ணா அண்டைக்குக் கிள்ளானில ஒரு பொம்பிளையைப் பாக்கப் போனவர் எண்டு சனம் இன்னும் கதைக்குது. நீங்கள் இங்கதானே இருக்கிறியள். உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

“எனக்கென்னம்மா தெரியும்?” என்றேன். என் நாக்கு அழுகிப்போகட்டும்.

அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவனுடைய கதையைச் சொல்கிறேன். அவன் யாழ்ப்பாணத்துக் கிளார்க் வீட்டுப் பிள்ளை. நான் செந்தூல் ரயில் பட்டறை பிட்டரின் மகன். அவன் கிதார், நான் பேஸ் கிதார். ‘சிக்னல் பாக்ஸ்’ என்று எங்கள் பேண்டுக்குப் பெயர். இருபது நிமிஷம் ஓடும் பாட்டுகள், அதுவும் ஏழு தட்டுத் தாளத்தில். புரோக்ரெசிவ் ராக் என்று சொல்லிக்கொள்வோம். பெட்டாலிங் ஜெயா பப்பில் நாங்கள் ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போனால் போகட்டும், மீதிப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எழுபத்தேழில் ஒரு நாள், “கொஞ்ச நாள் தனியா ரெக்கார்ட் பண்ணப் போறேன் லா,” என்றான். அதோடு பேண்ட் படுத்துவிட்டது. ஆர்கன் வாசிக்கும் சீனர் ஒருவரையும் புல்லாங்குழல்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு அவன் வேறு ஏதோ செய்வதாகக் காதில் விழுந்தது. என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இந்தக் கிள்ளான் வீட்டுக்குக் குடிவந்துவிட்டேன், இரண்டு வருஷம் அவனோடு பேசவில்லை. எழுபத்தொன்பதில், ஒரு சனிக்கிழமை மழையில், கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே பெடரல் ஹைவேயில் லோரி மோதிச் செத்துப்போனான்.

கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பாவி நன்றாகத்தான் செய்திருந்தான். அவனுக்கு ஸ்டூடியோ கிடையாது. ஒரு கேசட் டெக்கில் வாசித்ததைப் போட்டுவிட்டு, அதன் கூடவே வாசித்து இன்னொரு டெக்கில் பதிவு செய்வான். கைக்கு அடக்கமான ரெக்கார்டர் ஒன்று எப்போதும் அவன் பையில் ஓடிக்கொண்டிருக்கும். சரக்கு ரயில் கொக்கி மாட்டும் சத்தம், பாசாரில் மீன்காரி கூவுவது, தகரக் கூரையில் மழை என்று கிடைத்ததையெல்லாம் பாட்டுக்குள் போட்டிருந்தான். தனியாக வாசித்தது நாலு கேசட், அந்த இரண்டு பேரோடு வாசித்தது இரண்டு.

ஆறிலும் பேஸ் இல்லை. ஆர்கன் இருக்கிறது, குழல் இருக்கிறது, ரயில்கூட இருக்கிறது, பேஸ் மட்டும் இல்லை. பேஸ் இல்லாத பாட்டு உப்பில்லாத சாம்பார். ஒவ்வொரு பாட்டிலும் நாலு சுற்று முடிந்ததும் எல்லாம் அடங்கி, ஓர் இடம் வெறுமனே கிடந்தது. கேட்கக் கேட்க எரிச்சல் வந்தது. அலமாரி மேல் கிடந்த பேஸைத் தூசி தட்டி எடுத்து, அந்த வெற்றிடத்தில் வாசித்தேன்.

“டேய் பழனி, முந்திட்டே.”

ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. ரீவைண்ட் செய்து, பேஸைத் தொடாமல் கேட்டேன். அதே இடத்தில், கிசுகிசுப்பாக, அதே வார்த்தை இருந்தது. முதல் தடவை கவனிக்கவில்லை போலிருக்கிறது.

நான் நாலாவது சுற்றில் ஒரு தட்டு முந்திவிடுவேன் என்பான். இல்லவே இல்லை, நீதான் லேட் என்று நானும் சண்டை பிடிப்பேன். அந்தப் பழக்கத்தை நினைத்து, நான் முந்தப்போகும் இடம் பார்த்துச் சொல்லி வைத்திருக்கிறான். வீட்டில் அவன் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவான். எங்கள் செந்தூல் பேச்சு என்னோடு மட்டும்தான். அப்படியென்றால் அது எனக்காக விட்ட இடம். அடப்பாவி, வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

அடுத்த கேசட்டில் வாசித்தேன். “மறுபடியும் முந்திட்டே.” அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒரு தடவைகூட நான் சரியாக விழவில்லை.

என் மனைவி இராஜம்மா இரண்டு கிளாஸ் காப்பியோடு வந்து நின்றாள். எனக்குக் கல்யாணம் ஆனது அவன் செத்த பிறகு. அவள் அவனைப் பார்த்ததே இல்லை.

“எங்கங்க அவரு? போயிட்டாரா? ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தீங்களே.”

“கேசட்டும்மா.”

“நீங்க வாசிக்கிறீங்க, அவரு திருத்துறாரு. எனக்குக் கேக்கலையா?” என்று சொல்லி இரண்டு கிளாஸையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் ஒன்றைத்தான் குடித்தேன்.

ஏழாவது கேசட்டில் பெயர் எழுதவில்லை. ஓரத்தில் சேற்றுக் கறை. விபத்துக்குப் பிறகு போலீஸ் திருப்பிக் கொடுத்த பையில் இருந்தது என்று குணேஸ்வரி சொல்லியிருந்தாள். அதைப் போட்டேன்.

முதலில் மழை. மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இரும்பு கேட் ஆடுகிறது. “பழனி! டேய் பழனி!” விரல் முட்டியால் கேட்டில் எங்கள் ஏழு தட்டுத் தாளத்தைத் தட்டுகிறான்: தகிட தகதிமி, தகிட தகதிமி. தட்டலுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து ரேடியோவில் சினிமாப் பாட்டு லேசாகக் கேட்கிறது. ‘டிக்’. ரேடியோ நின்றுவிடுகிறது.

அதை நிறுத்தியது என் விரல்.

ஆமாம், உள்ளேதான் இருந்தேன். ஜன்னல் கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கு வழியே அவனைப் பார்த்தேன். பையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றான். நிற்கட்டும், நன்றாக நனையட்டும் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷம் நின்றிருப்பான் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேசட்டில் பதினோரு நிமிஷம்.

கடைசியில், “உள்ளதான் இருக்கே, தெரியும் லா. எல்லாப் பாட்டுலயும் உனக்கு எடம் விட்டு வச்சிருக்கேன். சரி, போறேன்,” என்றான். வரேன் என்று சொல்லவில்லை.

லோரி அவனை அடித்தது கோலாலம்பூருக்குத் திரும்பும் பக்கத்தில். அவன் எங்கே வந்துவிட்டுத் திரும்பினான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பொம்பளை கதையை ஊர் பேசப் பேச, நல்லதாய்ப் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மனுஷனா நான்?

மனுஷன் இல்லைதான். சனிக்கிழமை வரை யோசித்துவிட்டு, அந்தக் கேசட்டை அழிக்க முடிவு செய்தேன். மறுநாள் காலை, குணேஸ்வரி வருவதற்கு முன், மைக்கைச் செருகி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லாமல் விட்டால் சந்தேகப்படுவாளே என்று, அந்தப் பக்கம் முழுக்கப் பேஸ் வாசித்தேன். மனதுக்குள் தகிட தகதிமி எண்ணினேன். நாலு சுற்று பொறுத்து உள்ளே நுழைந்தேன். முடிந்ததும் ரீவைண்ட் செய்து போட்டுக் கேட்டேன்.

என் பேஸ் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் மழை கேட்டது. கேட்டைத் தட்டும் சத்தமும் கேட்டது. பழைய டெக், சரியாக அழிக்கவில்லை என்று நினைத்தேன். நாலாவது சுற்று முடிந்து என் பேஸ் நுழைந்தது.

“இப்ப சரி,” என்றான் முத்துக்குமாரு.

அந்த வார்த்தை முன்பு அந்தக் கேசட்டில் இல்லை. சாமி சத்தியமாக இல்லை.

வெளியே கேட் ஆடியது. இரண்டாவது தட்டு விழுவதற்குள் ஓடிப்போய்த் திறந்தேன். குணேஸ்வரி நின்றிருந்தாள்.

“பொம்பள யாரும் இல்லம்மா. அன்னிக்கு உங்கண்ணன் என் வீட்டுக்குத்தான் வந்தான். நான் உள்ள இருந்தேன். கதவத் திறக்கல.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் நிண்டவர்?”

“பதினோரு நிமிஷம்.”

அவள் உள்ளே வரவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நான் கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. தட்டும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.