வழிக்கல் குவியல்

பெண்டாட்டி அன்னமேரி செத்த மறு வருஷமே போளூர் வீட்டைப் பூட்டிவிட்டு, காவலூருக்கு அப்பால் ஒரு மலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கி வந்தவர் அமலநாதன். அறிவியல் வாத்தியார். வாய் ஓயாத மனுஷன், ஆள் அரவமில்லாத இடமாகப் பார்த்துக் குடிவந்தார். கூறுகெட்டதனம், வேறென்ன?

வாசலுக்கு எதிரே, மலையேறும் வழியில், ஒரு கல் குவியல். அந்தப் பக்கம் போகிறவர்கள் வழித்துணைக்கு வேண்டிக்கொண்டு ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். அப்படி நிற்கிறவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுவார். கோடை விடுமுறையில் அவருக்கு இருந்த ஒரே மனித வாடை அதுதான்.

எழுபத்து நாலு மே மாதம், ராஜஸ்தான் பாலைவனத்தில் நம் ஆட்கள் அணுகுண்டு வெடித்த செய்தி ரேடியோவில் வந்தது. புளி மூட்டையோடு வந்த ரங்கசாமி கல்லும் கையுமாக நின்றார். கூடவே அவர் ஊர்க்காரி கெங்கம்மாள்.

"இன்னா வாத்தியாரே, குண்டு வெடிச்சாங்களாமே?"

விடுவாரா?

"அதுவும் மலையில தோண்டுற கல்லுலேர்ந்து வர்றதுதாங்க. உள்ள ஒரு அணு ஒடைஞ்சா ரெண்டு மூணு துகள் தெறிக்கும். அது பக்கத்து அணுவ ஒடைக்கும், அதுலேர்ந்து இன்னும் தெறிக்கும். கட்டி சின்னதா இருந்தா, துகளெல்லாம் எது மேலயும் படாம வெளிய பூடும். ஒண்ணும் ஆவாது. போதுமான அளவு ஒண்ணா சேந்துட்டா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வெடிச்சிரும்."

ரங்கசாமி குவியலைப் பார்த்தார். கையிலிருந்த கல்லைச் சத்தமில்லாமல் எட்டத்தில் வைத்தார். அமலநாதன் அதைக் கவனிக்கவில்லை. பேச்சு ருசியில் சூரியனுக்கே போய்விட்டிருந்தார்.

"இன்னொரு வகை இருக்கு. சூரியன்ல நடக்குறது. அங்க ஒடையறதில்ல, சேர்றது. லேசான அணுங்க, கிட்ட வந்தா ஒண்ண ஒண்ணு தள்ளும். அவ்ளோ சூடு இருந்தாத்தான் ஒட்டும். அந்த மாதிரி குண்டு பண்ணணும்னா, சூட்டுக்கே மொதல்ல ஒரு அணுகுண்ட வெடிக்கணும்."

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. எதிர்ச் சரிவில் புதிதாக ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்தது. கூப்பிட்டால் நடை வேகமானது. ஒரு நாள் குறுக்கே போய் நின்று ரங்கசாமியை மறித்தார்.

"பாட்டன் காலத்துலேர்ந்து போட்டு வெச்சிருக்கோம். இன்னும் ஒரு கல்லு வுழுந்தா இன்னா ஆவுமோ? சேந்தா வெடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஐயோ, இது வெறும் கருங்கல்லுங்க!"

ரங்கசாமி நிற்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குள் போய் அமலநாதன் சுவரோடு பேசினார். தன் குரலே தனக்குப் பயமாக இருந்தது.

விடிந்ததும் குவியல்மேல் கற்களைப் பொறுக்கிப் போட்டார். போட்டுவிட்டு அதன் உச்சியிலேயே ஏறி உட்கார்ந்தார். புதுப் பாதையில் போன தலைச்சுமைகள் நின்றன. கெங்கம்மாள் மட்டும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எறங்குங்க வாத்தியாரே!"

"ஒண்ணும் ஆவாதும்மா."

"வூட்ல ஒரு சனம் இல்லாதவரு. செத்தா அழறதுக்குக்கூட ஆள் இல்லியே உங்களுக்கு!"

கெங்கம்மாள் ஒரு கல்லை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குவியலில் எறிந்தாள். டொக்கென்று விழுந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"போட்டுட்டேன். எறங்கி வாங்க."

எதிர்ச் சரிவில் ரங்கசாமி சுமையைத் தோள் மாற்றிக்கொண்டு புதுப் பாதையிலேயே போனார். அமலநாதன் இறங்கிவந்து கெங்கம்மாளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடித்துக் கிளம்புகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் இவளும் வராமல் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.