பெயர்ப்பலகை நீலம்

திருவண்ணாமலையிலிருந்து புறப்படும் தனியார் பஸ்களில் பாதிக்கு வேணுதான் பெயர் எழுதினான். அவன் தங்கை ஆதிலட்சுமி உள்ளூர்க் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. விடுமுறை விட்டால் சென்னையில் ஓர் ஆய்வகத்துக்கு ஓடிவிடுவாள். சிலிக்கான் இல்லாமல், வெறும் சாயத்தை வைத்தே வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க முடியுமா என்பது அங்கே அவள் செய்துவந்த ஆராய்ச்சி.

ஒருநாள் அடி அண்ணாமலை வீட்டு வாசலில் அண்ணன் பெயிண்ட் குழைப்பதைப் பார்த்து நின்றாள். அவளுக்கு வேண்டிய சாயமும் அந்த நீலப் பொடியும் ஒன்றுதான்.

"அண்ணா, அதுல எனக்குக் கொஞ்சம் குடு."

"எதுக்கு? காலேஜ் போர்டுக்கா?"

"கரண்ட் எடுக்கறதுக்கு."

வேணு சிரிக்கவில்லை. "ஜாஸ்தியாவே எடுத்துக்கோ" என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

சென்னையில் அந்தப் பொடியைக் காற்றில்லாத கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்கினாள். அழுக்கெல்லாம் அடியில் தங்கியது. நீலம் ஆவியாகிப் போய், குழாயின் குளிர்ந்த பக்கத்தில் தலைமுடி போன்ற ஊதா ஊசிகளாக வளர்ந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அன்று சாப்பிடவே மறந்துபோனாள். அந்த ஊசிகளை மறுபடி ஆவியாக்கி, மின்சாரம் கடத்தும் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியவைத்து, மேலே அலுமினியம் பூசினாள். படலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று இருந்தாலும் போதும், எல்லாம் வீண். இரண்டு கோடை அப்படியே போயின.

எண்பத்து நாலில் கல்லூரி திறந்த வாரம், புதிதாகச் செய்த சூரிய செல்லைப் பஞ்சில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தாள். கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்துக்கு அண்ணனையும் வரச்சொன்னாள். ஜன்னல்களைச் சாத்தி, செல்லை, மின்னோட்டம் அளக்கும் கால்வனாமீட்டரோடு இணைத்தாள். சுவரோரம் இருந்த அளவுகோலில் அதன் கண்ணாடியிலிருந்து விழுந்த ஒரு வெளிச்சப் புள்ளி நின்றது.

"கரண்ட் ஓடினா அந்தப் புள்ளி நகரும்" என்றாள்.

"ஜன்னலை நீ தொறக்கறியா, நான் தொறக்கட்டா?"

அவளே திறந்தாள். மலைப்பக்கத்து வெயில் மேஜைமேல் விழுந்தது. புள்ளி நகர்ந்தது. தயங்காமல், யாரோ கைப்பிடித்துக் கூட்டிப்போவதுபோல, அளவுகோலின் மறுபக்கம்வரை போய் நின்றது.

வேணு செல்லின்மேல் உள்ளங்கையை விரித்தான். புள்ளி திரும்பிவந்தது. கையை எடுத்தான். மறுபடி போனது.

"கம்பி எங்கயாவது பிளக்ல மாட்டியிருக்கா?"

"இல்லண்ணா. வெயிலும் உன் நீலமும்தான்."

"இத்தனை வருஷமா பஸ்ஸுல பூசறேனே" என்றான் மெதுவாக. "இதால பல்பு எரியுமா?"

"இப்ப எரியாது. ரொம்பக் கம்மி. ஆனா எங்கயோ ஒருத்தர் எரிய வைப்பாங்க."

வெயில் பட்டதும் அந்தப் படலத்துக்குள் எலெக்ட்ரான்கள் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தன. ஆதிலட்சுமி பாடத்தில் எத்தனையோ முறை சொன்ன விஷயம். இன்றுதான் அது கண்ணெதிரே நடந்தது. மேகம் ஒன்று சூரியனை மறைத்தபோது புள்ளியும் தளர்ந்து பின்வாங்கியது. அவள் காத்திருந்தாள். வெயில் வந்தது. புள்ளியும் வந்தது.

காற்றின் ஈரத்தில் அந்த வாரமே செல் செத்துப்போனது. அவளுக்கு வருத்தமே வரவில்லை. சனிக்கிழமை விடியற்காலை சென்னை பஸ்ஸில் இடம்பிடித்து உட்கார்ந்தாள். வழியனுப்ப வந்த வேணு ஜன்னல் பக்கம் நின்று கேட்டான்:

"பச்சைப் பொடியும் இருக்குது, வேணுமா?"